காலை ஆறு மணி முறை

செல்போன் வருவதற்கு முந்தைய காலம். பூதலூரில் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் கடிகாரக் கடை வைத்திருந்தேன். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் எங்கள் பக்கத்தில் முறை வைப்பார்கள். ஒரு வயலுக்கு ஒரு மணி நேரம், பிறகு மடையை அடைத்து அடுத்த வயலுக்குத் திறக்க வேண்டும். பக்கத்துக் கிராமத்தில் இந்த முறையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருநாள் அலாரம் கடிகாரத்தோடு வந்தார். கூடவே ஓர் அம்மா, சேற்றுக் காலோடு.

"கடிகாரம் முந்தி ஓடுது, என் வயலுக்குத் தண்ணி குறையுதுன்னு இந்தம்மா ஒரு வாரமா உயிரை வாங்குது. நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார் பெரியவர்.

ஆறு மாதத்துக்கு முன் அதைப் பழுது பார்த்தவன் நான். முழுசாக ஒரு நாள் ஓடவிட்டுப் பார்த்துத்தான் கொடுத்திருந்தேன். சுள்ளென்று கோபம் வந்தது.

"ஒரு நாளைக்கு ஒரு நிமிஷம் தப்பாதுங்க."

"நாள் பூரா பாத்தா சரிதான் தம்பி. சாவி கொடுத்ததும் வர்ற முதல் மணியைப் பாருங்க" என்றார் அந்த அம்மா.

குத்தகை நிலம். கதிர் பால் பிடிக்கும் சமயம். அவர் முறை காலை ஆறிலிருந்து ஏழு. தண்ணீர் கடைசி வரப்புக்குப் பத்தடி முன்பே நின்றுவிடுகிறது. இன்னும் சில நாள் இப்படிப் போனால் அந்த மூலை முழுக்கப் பதர்தான். ஒருநாள் பக்கத்து வயல்காரரோடு முறையை மாற்றி மத்தியானம் பாய்ச்சியிருக்கிறார். தண்ணீர் வரப்பைத் தொட்டது. ஆறு மணிக்குப் பாய்ச்சிய அந்தப் பக்கத்து வயல் குறைபட்டது. பெரியவர் சாவி கொடுப்பதும் ஆறு மணிக்குத்தான். இத்தனையையும் கோத்துப் பார்த்தவர் வீட்டில் ஒரு கடிகாரம்கூடக் கிடையாது.

"கடிகாரத்துக்கு நல்ல நேரம், ராகுகாலம்லாம் கிடையாதும்மா" என்றேன். அவர் வாயை அடைக்க வேண்டும் என்றே முழுச் சாவி கொடுத்து, கடைக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். பெரியவர் டீக்குப் போனார். அந்த அம்மா பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் எட்டு நிமிடம் முந்தியிருந்தது.

என் முகம் தொங்கிப்போயிற்று. அளவான ஸ்பிரிங் கிடைக்காமல் கொஞ்சம் தடித்ததைப் போட்டவன் நானேதான். முழுச் சாவியில் அது பிடித்துத் தள்ளுகிறது. நேரம் போகப்போகத் தளர்ந்து பிந்துகிறது. கூட்டிக் கழித்தால் நாள் கணக்கு சரி. நான் பார்த்தது அதை மட்டும்தான். இத்தனை வருஷத் தொழிலில் என் வேலையை இவ்வளவு கூர்மையாகச் சோதித்தவர் வேறு யாருமில்லை.

பெரியவர் வந்ததும் தப்பு என்னுடையது என்று சொன்னேன். சரியான ஸ்பிரிங் வாங்கிப் போட இரண்டு நாளாகும் என்றேன். அவர் அந்த அம்மா பக்கம் திரும்பினார். "சரிம்மா, அதுவரைக்கும் உன் முறைய மத்தியானத்துக்கு மாத்திடுறேன்."

"அப்ப ஆறு மணிக்கு வர்றவங்க வயலு காயட்டுமா?" என்றார் அந்த அம்மா.

நான் கடையைப் பூட்டினேன். வீட்டுக்குப் போய், என் கல்யாணத்துக்குப் பரிசாக வந்த அதே மாதிரி அலாரத்தைப் பிரித்து, அந்த ஸ்பிரிங்கை அன்றைக்கே மாற்றிப் போட்டேன். மனசு கேட்காமல் மறுநாள் காலை ஆறு மணி முறைக்கு அந்த அம்மாவின் வயலில் போய் நின்றேன். ஏழு மணி ஆவதற்குள் தண்ணீர் கடைசி வரப்பைத் தொட்டது. அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. பெரியவர் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார், சரியாக ஏழுக்கு மடையை அடைத்தார், அடுத்த வயலுக்குத் திறந்துவிட்டார்.