ஜெனரல் விட்டுவந்த பீரங்கிகள்

என் அப்பா கடியப்பட்டணத்தில் வள்ளம் வைத்து மீன் பிடித்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசைக்கும் மாலையில் கட்சிக் கூட்டத்துக்கும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு போவார். இரண்டு பக்கத்தாரும் அவரைத் திருத்த முடியாமல் விட்டுவிட்டார்கள். வேதப் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சோவியத் ஜெனரலின் சுயசரிதையையும் வைத்திருந்தார். கிழிந்த வலையைத் தைக்கும்போதெல்லாம் அண்ணனுக்கும் எனக்கும் அந்தக் கதைதான்.

குடியானவர் மகன், குதிரைப்படைச் சிப்பாய், பிறகு ஜெனரல். போரின் முதல் கோடையில் அவருடைய படையை ஜெர்மானியர்கள் சுற்றி வளைத்துவிட்டார்கள். பீரங்கிகளைக் காட்டிலேயே விட்டுவிட்டு, ஆட்களைச் சதுப்பு நிலம் வழியாக நடத்திக் கொண்டுவந்து சேர்த்தார். மிஞ்சியவர்களோடு பின்னால் பெர்லின் வரைக்கும் போனார். அப்பாவுக்கு பெர்லினைவிட அந்தச் சதுப்பு நிலம்தான் பிடிக்கும்.

2004 கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பூசை முடிந்து வீட்டில் இருந்தோம். கடல் உள்வாங்குகிறது என்று தெருவில் கத்தினார்கள். "எஞ்சினைக் களத்திட்டு வா மக்கா" என்று அப்பா அண்ணனைக் கரைக்கு அனுப்பினார். ஆபத்தென்றால் முதலில் வள்ளத்து எஞ்சினைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வருவதுதான் எங்கள் கரையில் வழக்கம். அண்ணன் திரும்பி வரவில்லை. அதன்பிறகு அப்பா அந்தப் புத்தகத்தைத் தொடவும் இல்லை, அண்ணனைப் பற்றிப் பேசவும் இல்லை.

சில ஆண்டுகள் கழித்து ஒரு மத்தியானம் கோயில் மணி விடாமல் அடித்தது. டிவியில் மறுபடியும் சுனாமி எச்சரிக்கை. ஊரே மேட்டைப் பார்த்து ஓடியது. அம்மையை ஒரு ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பினால் அப்பாவைக் காணவில்லை. எங்கே போயிருப்பார் என்று எனக்குத் தெரியும். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கரைக்கு ஓடினேன்.

புது வள்ளத்தின் பின்பக்கம் குனிந்து எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஸ்பானர் நழுவிக்கொண்டே இருந்தது.

"அப்பா, விட்டுட்டு வாங்க!"

"நீ போ மக்கா. அன்னைக்கு அவனை அனுப்பினேன். இன்னைக்கு நான் போனா போதும்."

"ஜெனரல் பீரங்கியை விட்டுட்டு ஆளையில்லா கொண்டு வந்தாரு? நீங்கதானே சொன்னீங்க?"

"அது சர்க்காருக்க பீரங்கி. இது எனக்க எஞ்சின்."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அது நேரங்காலம் பார்த்து வருகிற வழக்கமில்லை. மணி நிற்கவேயில்லை. கடலைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமும் இல்லை. வள்ளத்துக்குள் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"அப்போ நானும் போவல்ல. மெதுவா களத்துங்க."

என்னைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். ஸ்பானரை மணலில் எறிந்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தார். அறுபது வயதுக்காரர் என்னை முந்திக்கொண்டு ஓடினார், கையை மட்டும் விடவில்லை.

அலை வரவில்லை. மறுநாள் எஞ்சின் பாதி கழன்றபடி வள்ளத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அன்று மாலை அப்பா அந்தப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார். சதுப்பு நிலம் வருகிற பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்து சேந்தவங்களப் பத்தி எல்லாம் எழுதியிருக்காரு மக்கா" என்றார். "வராதவனுக்க அம்மைகிட்ட என்ன சொன்னாருன்னு எழுதல்ல."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மை ஈரக்கையோடு வாசலில் வந்து நின்றாள்.

"நீங்களும் எங்கிட்ட இன்னும் ஒண்ணும் சொல்லல்லியே" என்றாள்.