முட்டை ரூமில் ஒரு கேமிங் லேப்டாப்

போன மாதம் ஒரு டிராகனைக் கொல்லப் போன இடத்தில் என் லேப்டாப் மூர்ச்சையாகிவிட்டது.

டிராகன் நெருப்பைக் கக்கியது. லேப்டாப்பின் விசிறி ஒருமுறை உறுமியது. திரை கறுத்தது. கீபோர்டில் கை வைத்துப் பார்த்தேன் — தோசை வார்த்திருக்கலாம். அரை மணி நேரம் ஃபேனுக்கு அடியில் கவிழ்த்துப் படுக்க வைத்த பிறகுதான் கண் திறந்தது.

விளையாட்டுதானே என்று நினைக்காதீர்கள். விளையாட்டுதான்... ஆனால் எனக்கு அது வேலை. இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: பெங்களூரில் இருக்கும் ஒரு சின்ன கேம் கம்பெனிக்கு நான் டெஸ்டர். இன்னும் வெளிவராத கேம்களை விளையாடிப் பார்த்து, எந்தச் சுவருக்குள் கால் நுழைகிறது, எந்தக் கதவு திறக்க மறுக்கிறது என்று வரிசை எண் போட்டு எழுதி அனுப்ப வேண்டும். மாதச் சம்பளம், பி.எஃப். எல்லாம் உண்டு. நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணை. அதன் நடுவில் என் மாமியார் வீடு. அங்கே உட்கார்ந்துதான் இந்த வேலையைச் செய்கிறேன். "கல்யாணத்துக்கு அப்புறமும் வேலையை விட மாட்டேன்" என்று பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டேன். "அதுக்கென்னங்க, ஊட்ல இருந்தே பண்ணட்டும்" என்று அவர்களும் சொன்னார்கள். சொன்ன சொல்லை இன்றுவரை ஒருவரும் மீறவில்லை.

மருமகள் என்ன பண்றாங்க என்று விசேஷ வீடுகளில் யாராவது கேட்டால் என் அத்தையின் பதில் இது: "கம்ப்யூட்டர்ல ஆடுதுங்க. அதுக்குச் சம்பளம் குடுக்கறாங்களாமா." கேட்டவர் அதற்கு மேல் எதுவும் கேட்பதில்லை. அந்த 'ஐயோ பாவம்' பார்வை எனக்கா, அத்தைக்கா என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.

என்னுடையது பதினான்கு இன்ச் கேமிங் லேப்டாப். சின்னதாக இருந்தால் எங்கேயும் தூக்கிக்கொண்டு போகலாம் என்று நாலு வருஷத்துக்கு முன்னால், சேலத்தில் அம்மா வீட்டில் இருந்தபோது வாங்கினேன். சின்ன கேமிங் லேப்டாப்புக்கு ஒரு பிறவிக் கோளாறு உண்டு. பெரிய மெஷினின் சூடு அத்தனையும் டிபன் பாக்ஸ் அளவு பெட்டிக்குள் புழுங்கும். அதைப் பொறுத்துக்கொண்டுதான் வாழ வேண்டும்.

டிராகன் சம்பவத்துக்கு மறுநாளே கம்பெனியிலிருந்து ஒரு மெயில். அடுத்து வரும் கேமுக்குக் குறைந்தபட்சம் இன்ன கிராஃபிக்ஸ் கார்டு, இவ்வளவு மெமரி வேண்டும். உங்கள் மெஷின் தாங்காது என்றால் புதிது வாங்கிக்கொள்ளுங்கள், பாதிப் பணம் தருகிறோம். முடியாது என்றால் பெங்களூர் ஆபீஸுக்கு வந்துவிடுங்கள். ரொம்ப மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள்.

பண்ணைக்காரரைக் கட்டியவள் பெங்களூருக்கு எப்படிப் போவாள்? கோழிகளை யார் கூட்டிக்கொண்டு வருவது?

எனவே எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். ஒரு அட்டவணை போட்டேன். என்னுடைய அதே லேப்டாப்பின் புது மாடல், போன வருஷத்து மாடல், வேறு கம்பெனியின் இன்னொன்று. விலை, எடை, திரை, பேட்டரி, விசிறிச் சத்தம். புது மாடல் இன்னும் மெல்லிசு, இன்னும் வேகம். அப்கிரேட் செய்யலாமா, வேண்டாமா?

கூடத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாமா எட்டிப் பார்த்தார்.

"ஏம் அம்முணி, இது எத்தனை வாரம் ஓடியிருக்கும்?"

இங்கே வயசு என்றால் வாரக் கணக்குதான். முட்டைக்கோழிக்கு அப்படித்தான் பார்ப்பார்கள். இத்தனையாவது வாரத்தில் முட்டை போடத் தொடங்கும், இத்தனையாவது வாரத்தில் குறையும், அப்புறம் லாரி வரும்.

"வாரமெல்லாம் தெரியலைங்க மாமா. நாலு வருஷம் ஆச்சு."

"நாலு வருசமா! எந்தக் காலத்துலயோ முட்டை நின்னு போயிருக்குமே சாமி. இதைப் புடிச்சு ஏத்தி உட்டுட்டுப் புது பேட்ச் எறக்கோணும்."

நான் பார்த்த அத்தனை ரிவ்யூ வீடியோக்களும் சுற்றி வளைத்துச் சொன்னது இதைத்தான்.

வாங்குவது என்று முடிவு செய்தேன். பழையதை எக்ஸ்சேஞ்சில் போடுவதற்கு முன் உள்ளே துடைத்துக் கொடுக்கலாமே என்று ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒருமுறை கழற்றியிருக்கிறேன். சேலத்துத் தூசி, மெல்லிசாக, ஒரு தடவை ஊதினால் பறக்கிற அளவுக்குத்தான் இருந்தது.

இந்த முறை மூடியைத் தூக்கியதும் ஒரு வாடை வந்தது. எங்கள் ஷெட்டின் வாடை.

விசிறியைச் சுற்றிக் கோழியின் பிஞ்சு இறகு தலையணைப் பஞ்சு மாதிரி அடைத்திருந்தது. அதன் மேல் கோழித் தீவனத்து மக்காச்சோள மாவு, ஈரம் பட்டு, அப்பளம் போல இறுகியிருந்தது. அதையெல்லாம் சுரண்டி எடுத்த பிறகுதான் உண்மையான விஷயம் தெரிந்தது. சூட்டைக் கடத்துகிற செம்புக் குழாய்கள் பச்சையாக இருந்தன. புளி போட்டுத் தேய்க்காத செம்புக் குடத்தில் படியுமே, அந்தப் பச்சை. போர்டில் சின்னச் சின்ன இணைப்புகளில்கூட அந்த நிறம்.

கோழி எச்சத்திலிருந்து கிளம்புகிற அம்மோனியா. கூடவே ஈரம். செம்புக்கு இதைவிட எமன் வேண்டாம்.

எங்கிருந்து இவ்வளவு? யோசிக்கவே தேவையில்லை. முட்டை ரூம்.

அதைச் சொல்ல வேண்டும். போன வருஷம் சித்திரை வெயிலில் லேப்டாப் அடிக்கடி அணையத் தொடங்கியது. பெட்ரூமில் ஏசி இருக்கிறது. ஆனால் பகலில் சுற்றுவட்டாரப் பண்ணை மோட்டார்கள் எல்லாம் ஓடும்போது வோல்டேஜ் விழுந்துவிடும். என் கணவர் பூபதி இரண்டு நாள் அதைப் பார்த்தார். மூன்றாவது நாள் முட்டை அடுக்கி வைக்கிற அறையில் ஒரு மூலையைக் காலி செய்து, மேஜை போட்டு, தானே வயர் இழுத்து, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பண்ணையிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான்.

"முட்டையே கெடாத ரூமு. லேப்டாப்பா கெட்டுப்போயிரும்?"

என்ன ஒரு லாஜிக்! மீட்டிங்கில் குரல் எதிரொலிக்கிறது என்றேன். முட்டை அட்டைகளைச் சுவர் முழுக்க அடுக்கிக் கொடுத்தார். வீடியோ காலில் அதைப் பார்த்த என் மேனேஜர், "வாவ், சவுண்ட் ப்ரூஃபிங் பண்ணிட்டீங்களா?" என்று வாயைப் பிளந்தார். நான் வேலை செய்வதற்கென்று எனக்கு யாரும் அதுவரை ஒரு இடம் செய்து கொடுத்ததில்லை. பெருமையாக இருந்தது.

அந்த அறை ஏன் குளிர்ச்சி? அதன் ஜன்னல் ஷெட்டைப் பார்த்து இருக்கிறது. கோழிகளுக்காகத் தண்ணீரைப் புகையாகத் தெளிக்கிற ஃபாகர் ஓடும்போது அந்தச் சில்லென்ற காற்று நேராக உள்ளே வரும். குளிர்ச்சி வந்த வழியில்தான் மற்றதும் வந்திருக்கிறது.

ஆனால் நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ். ஒரு அறையின் மேல் பழி போடுவதற்கு முன்னால் சோதனை வேண்டாமா? மோட்டார் வைண்டிங்கில் மீந்த செம்புக் கம்பியை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு இடத்திலும் ஒன்று கட்டித் தொங்கவிட்டேன். முட்டை ரூம், கூடம், பெட்ரூம். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றைச் சேலத்துக்கு அனுப்பி அம்மா வீட்டு ஜன்னலில் மாட்டச் சொன்னேன். ஒரு வாரம் காத்திருப்பது என்று திட்டம்.

"ஆரு இதைக் கட்டச் சொன்னது?" என்று அத்தை ரகசியக் குரலில் கேட்டார்.

"யாரும் சொல்லலைங்க அத்தை. நானாத்தான்."

"ஊட்டுக்கு ஏதாச்சும் திருஷ்டியா?"

"காத்து எப்படி இருக்குதுன்னு பாக்கறேனுங்க."

அத்தை தலையை ஆட்டினார். காற்று, கருப்பு எல்லாம் அவருக்குத் தெரியாதா? மறுநாள் காலை பார்த்தால் கூடத்துக் கம்பிக்குக் குங்குமம் வைத்திருக்கிறது.

ஒரு வாரம் போயிற்று. முட்டை ரூம் கம்பி கறுத்து, ஓரத்தில் பச்சை பூத்துவிட்டது. கூடத்தில் குங்குமம் வைத்த இடம் தவிர மற்றது பழுப்பு. பெட்ரூம், ஏசி போட்டு மூடி வைத்த பெட்ரூம், அங்கேயும் பளபளப்புப் போய்விட்டது. அம்மா அனுப்பிய போட்டோவில் சேலத்துக் கம்பி அன்று தேய்த்தது போலவே இருந்தது.

அட்டவணையைத் திறந்து பார்த்தேன். எந்த மாடலை வாங்கினாலும் உள்ளே இருப்பது செம்புக் குழாய்தான். புது மாடல் இன்னும் மெல்லிசு, அதாவது காற்றுப் போகிற இடைவெளி இன்னும் நெருக்கம். என் பழையதைவிடச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மெஷினோடு மெஷினை ஒப்பிடத்தான் நமக்கு ஆயிரம் வெப்சைட் இருக்கிறது. மெஷினோடு வீட்டை ஒப்பிடுவதற்கு? அத்தனை ஸ்பெசிஃபிகேஷனில் 'காற்று' என்று ஒரு கட்டம் கிடையாது. லேப்டாப்பை மாற்றலாமா என்பது கேள்வியே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. புரிந்த பிறகு வெகுநேரம் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

பூபதியிடம் சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். எப்படிச் சொல்வது? நீங்கள் ஆசையாகப் போட்டுக்கொடுத்த இடம்தான் அதைத் தின்றது என்றா?

முட்டை ரூமில் வைத்தே சொன்னேன். கம்பியை வாங்கி விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"நான் போட்டுக் குடுத்த ரூமு" என்றார்.

"ஆமாங்க."

"ஜன்னலைக் கண்ணாடி வெச்சு அடைச்சுரலாம். நாளைக்கே ஆளை வரச் சொல்றேன். தனியா ஒரு ஏசி மாட்டிக்கலாம்."

பெட்ரூம் கம்பியை எடுத்துக் கையில் கொடுத்தேன். அதையும் தேய்த்துப் பார்த்தார்.

"கோழிக்கே இந்தக் காத்து ஒத்துக்குது, உன்ற லேப்டாப்புக்கு ஒத்துக்கலையாக்கும்?"

"கோழியை நீங்க ஒன்றரை வருஷத்துல மாத்திடறீங்களே."

சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

எங்களுக்கும் கல்யாணமாகி அவ்வளவுதான் ஆகிறது என்பது அவருக்கும் அந்த நொடியில்தான் தோன்றியிருக்க வேண்டும். நான் அதை நினைத்துச் சொல்லவில்லை. சத்தியமாக இல்லை.

"வேலையை உட்டுடறயா?" என்றார். அதட்டலாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். வழி கேட்கிறவர் மாதிரி கேட்டார்.

"இல்லைங்க."

"ம்" என்றார். "அப்ப சேலம்தான்."

சேலம் என்ற பேச்சை நான் எடுக்கவே இல்லை. கம்பிகளைப் பார்த்து அவரே படித்துக்கொண்டார்.

யார் மேல் கோபப்படுவது என்று சொல்லுங்கள். கோழி என்ன செய்யும்? அதுதான் அந்த வீட்டுக்குச் சோறு. பூபதி என்ன செய்வார்? ஒருநாள் தீவனம் தாமதமானால் ஷெட் முழுக்கக் கத்தும். நான் என்ன செய்வேன்? தப்பு செய்தவர் ஒருவர் இருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு ஒன்றாக இருக்கலாம். இங்கே எல்லோரும் நல்லவர்களாகப் போய்விட்டோம்.

நான் பெட்டியில் துணி அடுக்கும்போது அத்தை வாசலில் வந்து நின்றார். "லேப்டாப் வாங்கறதுக்கு எதுக்குத் துணி எடுத்து வெக்கறா?" என்று பூபதியிடம் கேட்டார். என்னைக் கேட்கவில்லை. பூபதி கார் சாவியைத் தேடுவதுபோல உள்ளே போய்விட்டார். சாவி கையில்தான் இருந்தது.

சேலத்துக் கடையில் புது மாடலை எடுத்து வைத்துக்கொண்டு விற்பனையாளர் ரொம்ப நேரம் பேசினார். பிரேம் ரேட் எவ்வளவு, திரை எத்தனை பிரகாசம், எந்த கேம் எப்படி ஓடும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பூபதி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தூசி தாங்குமாங்க?"

"வீட்ல வெச்சுத்தானே சார் யூஸ் பண்ணுவீங்க?"

பூபதி பில் போடச் சொன்னார்.

ஆக, அப்கிரேட் செய்துவிட்டேன். திங்களிலிருந்து வெள்ளி வரை சேலத்தில் அம்மா வீடு. வெள்ளி சாயங்காலம் நாமக்கல் பஸ். லேப்டாப் கூட வராது, சேலத்திலேயே இருக்கும். எவ்வளவு காலத்துக்கு? அட்டவணையில் அந்தக் கட்டத்தை நிரப்ப எனக்குத் தெரியவில்லை. சொந்தக்காரர்களுக்கு அத்தை இப்போது என்ன சொல்கிறார் என்று கேட்கவும் தைரியம் இல்லை.

புது மாடல் நன்றாக இருக்கிறது. டிராகன் நெருப்பைக் கக்கினாலும் கீபோர்டு வெதுவெதுப்பைத் தாண்டுவதில்லை. போன செவ்வாய்க்கிழமை அதைக் கொன்றேவிட்டேன். சந்தோஷம் வரும் என்று சற்று நேரம் காத்திருந்தேன்... வரவில்லை. பூபதியைக் கூப்பிட்டேன். பின்னால் தீவனம் அரைக்கிற சத்தம்.

"அங்க காத்து நல்லா இருக்குதா?"

"நல்லா இருக்குதுங்க."

"அது போதும். வெள்ளிக்கெழம பஸ் ஸ்டாண்டுக்கு வாரேன்" என்றார். சொல்லும்போதே இருமினார். நிற்காத இருமல். போனைத் தள்ளிப் பிடித்து இருமிவிட்டு வந்து, "ஒண்ணுமில்ல, மாவுத் தூசி" என்றார்.

இருமல் புதிதா, இல்லை ஒன்றரை வருஷமாகப் பக்கத்திலேயே இருந்ததால் என் காதில் விழாமல் போனதா? செம்பையே ஒரு வாரத்தில் பச்சையாக்குகிற காற்று. பிறந்ததிலிருந்து அவர் அதைத்தான் சுவாசிக்கிறார். நான் அங்கிருந்து பத்திரமாக எடுத்து வந்தது ஒரு பதினான்கு இன்ச் பெட்டியை.

டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். "கோழிய உட்டுப்போட்டு எங்க போறது" என்று சிரித்தார்.

புது மாடலுக்கு இரண்டு வருஷம் வாரன்ட்டி கொடுத்திருக்கிறார்கள். லேப்டாப்புக்கு மட்டும்.