தாய்ப்புறாவை அனுப்பியவர்

ஓர்லிகோனில் நான் துப்புரவு வேலை செய்த குடியிருப்புக்குப் பொறுப்பாளர் ஒரு யாழ்ப்பாணத்தார். எந்நேரமும் பல்லுக்குச்சியை மென்றுகொண்டிருப்பார். பால்கனியில் புறாக் கூட்டைக் கண்டால், புறாவோடு சேர்த்துக் குப்பைப்பையில் அமுக்கிக் கட்டிவிடுவார்.

மேல்மாடி யூதப் பெண் அதைப் பார்த்து முகம் சிவந்துபோனார். தாயை அனுப்பிவிட்டுத்தான் முட்டையில் கைவைக்கலாம் என்பது தங்கள் வேதச் சட்டம் என்றார்.

அடுத்த கூட்டில் பொறுப்பாளர் தும்புத்தடியால் தாய்ப்புறாவை அடித்துக் கலைத்தார். அது எதிர்க் கம்பியில் இருந்து பார்க்கப் பார்க்க, முட்டைகளைச் சப்பாத்துக்காலால் நசித்தார்.

"தாயை அனுப்பியாச்சுத்தானே தம்பி, இனி மேல்மாடிக்காரி என்ன கதைக்கப்போறா?" என்று குச்சியை மறுகடைவாய்க்குத் தள்ளிச் சிரித்தார்.

அவர் கூட்டை வழித்துப் போடும்வரை, பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான்.