ஐந்தருவியில் நனையாத மாப்பிள்ளை

சாரல் விழுந்துவிட்டால் எங்கள் தென்காசியில் ‘சாப்பிட்டாச்சா’ என்று யாரும் விசாரிப்பதில்லை, ‘குளிச்சாச்சா’தான். அப்படிப்பட்ட ஊரில், குற்றாலத்தில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்த ஆனி மாதத்தில், நிச்சயம் முடிந்த கையோடு, கட்டிக்கொள்ளப் போகிறவள் பெயரை முழங்கைக்கு மேல் பச்சை குத்திக்கொண்டேன். புத்தி எங்கே போனது என்று கேட்காதீர்கள்.

கடையை மட்டும் நன்றாகப் பார்த்துத்தான் போனேன். குத்துகிறவர் கையுறை மாட்டினார், ஊசியை என் கண்ணெதிரே உறை பிரித்தார், மையைப் புதுக் கிண்ணத்தில் ஊற்றினார். முடித்துவிட்டுச் சொன்னார்: “அண்ணே, ஆறுற வரைக்கும் சோப்பு போட்டு மெள்ளக் கழுவி ஒத்தி எடுங்க. சொறியக் கூடாது. அருவி, குளம் பக்கமே போவாதிய. அந்தத் தண்ணியில என்ன கெடக்குன்னு யாரு கண்டா? சீழ் வச்சிரும்.”

மறுவாரமே கீழப்பாவூரிலிருந்து பெண் வீட்டார் வேன் பிடித்து வந்துவிட்டார்கள், மாப்பிள்ளையோடு அருவியில் குளிக்க! ஐந்தருவியில் வருங்கால மாமனார் உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் தேய்த்துப் பளபளவென்று நின்றார். நானோ முழுக்கைச் சட்டையில். தாலி கட்டுகிற அன்று பெயரைக் காட்டி அசத்துவது என் திட்டம்.

“மாப்ள, சட்டையக் கழத்துங்க.”

“இல்ல மாமா, சளி.”

“சளிக்குத்தான இந்தத் தண்ணியே!”

பெண்ணின் அத்தை, அருவி இரைச்சலையும் மீறி ரகசியம் பேசினாள்: “ஏட்டி, மேலுல சொறி செரங்கு ஏதும் இருக்குமோ? அந்தக் கையத் தட்டிக்கிட்டே இருக்காரே!”

மாமனார் முகத்தில் சிரிப்பு போய் எண்ணெய் மட்டும் மினுங்கியது. “எதுனாலும் இப்பமே சொல்லிருங்க மாப்ள.”

நனைந்தால் கை கெடும், நனையாவிட்டால் கல்யாணம் கெடும். சட்டைக்கையைச் சுருட்டிக் காட்டினேன்.

“ஐயோ, தோலு உரியுதே!” அத்தை அலறினாள்.

“ஆறும்போது அப்படித்தான் அத்தை.”

மாமனார் எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு, குளிக்க நின்ற வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி, “எம் மவ பேரு நனையக் கூடாதுன்னு நிக்காரு வே!” என்று கூவினார்.

அந்தப் பெயருக்குரியவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் பக்கம் வந்தாள். குடையை விரித்து, தெறிக்கும் சாரலுக்குக் குறுக்கே என் கைக்கு மட்டும் பிடித்தாள். எங்கள் இருவர் தலையும் தொப்பலாக நனைந்தது.

“ஊசி புதுசுதான?”

“கண்ணு முன்னாலதான் பிரிச்சாரு.”

“அரிக்கா?”

“உயிர் போவுது.”

“சொறிஞ்சியன்னா கல்யாணம் கெடையாது,” என்றாள்.