கொக்கி உள்ள கத்தி

சிவப்புப் பிடி போட்ட சுவிஸ் மடிப்புக் கத்தி ஒன்றை யாராவது என் கையில் தந்தால் நான் முதலில் அலகைத் திறப்பதில்லை. முதுகைத் திருப்பிப் பார்ப்பேன். அங்கே சிறிய வளைந்த கொக்கி ஒன்று மடிந்து கிடந்தால் அது பிந்திய காலத்துக் கத்தி. கொக்கி இல்லாவிட்டால் மேலும் பார்க்க வேண்டும். துளையிடும் ஊசியில் நூல் கோக்கக் கண் இருக்கிறதா? கத்தரிக்கோலைச் சேர்த்துப் பிடிப்பது அறைந்த ஆணியா, திருகாணியா? கண் இல்லாமல், அறைந்த ஆணியோடு இருந்தால் பழையது. இதையெல்லாம் பார்க்க எனக்கு அரை நிமிடம் போதும். அப்படியான ஓர் அரை நிமிடத்தைப் பற்றி எழுதத்தான் மூன்று மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

சுனாமிக்குப் பிறகு வந்த வெளிநாட்டு மருத்துவக் குழு ஒன்றுக்கு நான் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அதிலிருந்த ஒரு தாதி ஊருக்குத் திரும்பும்போது தன் கத்தியை எனக்குத் தந்துவிட்டுப் போனாள். அது எந்தக் காலத்தது என்று தேடப்போய்த்தான் இந்தப் பழக்கம் பிடித்தது. நில அளவைப் படம் வரைவது என் வேலை. நுணுக்கமான வித்தியாசங்களைக் கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு திமிர் உண்டு.

காத்தான்குடியில் பழைய சாமான் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. அரபு நாடுகளிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த பெட்டிகளில் இருப்பவையெல்லாம் கடைசியில் அங்கே வந்து சேரும். கடைக்காரர் என்னைக் கண்டதும் சிரிப்பார்.

"எல்லாரும் புடவ எடுக்கக் காத்தான்குடிக்கு வாறாங்க. நீங்க ஒரு ஆள்தான் கத்தி எடுக்க வாறீங்க. ஊட்டுல அண்ணன் பயமில்லாம இரிக்காரா?"

"அவர் கத்தார்ல இரிக்கிறார். அதான் பயமில்ல" என்பேன். அண்ணன் என்று அவர் சொல்வது என் கணவரை.

அவர் கத்திகளைத் தனித்தனியாக விற்கமாட்டார். ஐந்தாறை ஒரு பையில் போட்டுத்தான் தருவார். பழையது ஒன்று இருந்தால் அதைத் துணி விரித்த பெட்டியில் வைப்பேன். மற்றவற்றை பிஸ்கட் டின் ஒன்றுக்குள் எறிந்துவிடுவேன். பெட்டியில் உள்ள ஒவ்வொரு கத்தியின் கீறலும் எனக்குத் தெரியும். டின்னில் எத்தனை கிடக்கிறது என்றுகூடத் தெரியாது.

எனக்கு ஒரே மகள். பல்கலைக்கழகத்தில் தாவரவியல் கடைசி வருடம். வாவிக்கரைச் சேற்றில் வேர்விட்டு நிற்கும் கண்டல் மரங்களைப் பற்றித்தான் அவளது ஆய்வு. தன்னாமுனைப் பக்கத்தில் ஒரு சின்னத் தோணியை வாடகைக்கு எடுத்து, திட்டுத் திட்டாகப் போய்த் தண்ணீரும் சேறும் போத்தலில் எடுத்து வருவாள். முதல் நாள் அவள் புறப்பட்டபோது, அந்தத் தாதியின் கத்தியை அவள் கையில் வைத்தேன். அதைவிட எனக்குப் பெரிதான கத்தி வேறில்லை. ஏதோ அது அவளைக் காப்பாற்றும் என்பதுபோல.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு நாள், அவளோடு வழக்கமாகப் போகும் தோழிக்குக் காய்ச்சல். "தனியப் போகாத மனே, வாவிக்குள்ள முதலை இரிக்கு" என்றேன். "முதலைக்கு என்னைத் தெரியும் அம்மா, கிழமைக்கு ரெண்டு நாள் காணுது" என்று சிரித்துவிட்டுப் போனாள். மதியத்துக்குள் வருவதாகச் சொன்னவள் இரண்டு மணியாகியும் வரவில்லை. கைபேசி அணைந்திருந்தது. நான் துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது தோணி வந்திருந்தது. ஆள் இல்லாமல், காற்று தள்ளிக்கொண்டுவந்து வலைக்கம்பில் சொருகி நின்றது.

தோணிக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் எஞ்சின் பூட்டிய போட்டைத் தள்ளி இறக்கி, "ஏறு புள்ள" என்றார்.

முதல் இரண்டு திட்டுகளையும் சுற்றினோம். கத்திக் கூப்பிட்டோம். மூன்றாவது திட்டு பெரியது, உள்ளே பார்க்க முடியாதபடி கண்டல் அடர்ந்தது. அதன் ஓரத்தில் போட்டை விட்டபோது அவர் குனிந்து சேற்றிலிருந்து சிவப்பாக எதையோ எடுத்தார்.

"இது மகள்ட கத்தியோ?"

வாங்கி முதுகைத் திருப்பினேன். கொக்கி. ஊசியைத் திறந்தேன். கண். கத்தரிக்கோலில் திருகாணி.

"இல்ல அண்ணன். இது அவட கத்தி இல்ல."

"வடிவாப் பாரு புள்ள."

"எனக்குத் தெரியும். அவட கத்தி பழசு. இது புதுசு."

என் குரலில் இருந்த உறுதி இப்போதும் காதில் கேட்கிறது. மகளைக் காணவில்லை, அந்த நேரத்திலும் தவறில்லாமல் இனம் கண்டுவிட்டேன் என்ற ஒரு சின்ன நிம்மதிகூட அந்தக் குரலில் இருந்தது. அவர் இன்னும் இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. "விறகு வெட்ட வந்த ஆரும் போட்டிருப்பாங்க" என்று சொல்லி எஞ்சினைத் திருப்பினார். தோணி பாலத்துப் பக்கமிருந்து மிதந்து வந்திருக்கலாம் என்று கணக்குப் போட்டுத் தெற்கே போனோம். கத்தியைத் தண்ணீர் இறைக்கும் பட்டைக்குப் பக்கத்தில் போட்டேன்.

இரண்டு மணித்தியாலம். ஒவ்வொரு திட்டும் ஒரே மாதிரி. வெயில் சாயத் தொடங்கியபோது யாரோ விட்ட வலை எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டது. அறுப்பதற்கு அவர் அந்தக் கத்தியை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார்.

"இதென்ன புள்ள, கொக்கியில நூல் சிக்கிக் கிடக்கு. இப்ப அறுத்த மாதிரி இரிக்கு. நாங்க இந்த நூல் பாவிக்கிறதில்ல."

பார்த்தேன். கடைகளில் பார்சல் கட்டும் நூல், சிவப்பும் வெள்ளையும் முறுக்கியது. முந்தின நாள் மாலை எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, போத்தல்களின் கழுத்தில் கட்டுவதற்காக அவள் துண்டு துண்டாக வெட்டி வைத்த நூல். மேசையைத் துடைத்து, விழுந்த துண்டுகளைக் கூட்டி அள்ளியதே நான்தான்.

அந்தக் கொக்கியைத்தான் முதலில் பார்த்தேன். கொக்கி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

 அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வலையை ஒரே இழுப்பில் அறுத்தார். போட்டை மூன்றாவது திட்டுக்குத் திருப்பினார்.

மூன்றாவது திட்டின் நடுவில், வேர்களுக்கிடையில் அவள் கிடந்தாள். தோணியிலிருந்து இறங்கியபோது கால் வேரில் மாட்டிக் கணுக்கால் முறிந்திருந்தது. கைபேசி தண்ணீருக்குள். தோணி கையை விட்டுப் போய்விட்டது. கரையோரம் முதலை ஏறும் இடம் என்று நினைத்து, முழங்கையால் ஊர்ந்து உள்ளே போயிருக்கிறாள். உதடு வெடித்து, குரல் காற்றாகத்தான் வந்தது. "அம்மா" என்றாள். அவர் அவளைத் தோளில் தூக்கினார். நான் அவளுடைய ஒற்றைச் செருப்பைத் தேடி எடுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பிளாஸ்டர் போட்டு வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், தோணிக்கார அண்ணன் மீனோடு பார்க்க வந்தார். கட்டிலில் சாய்ந்திருந்த மகள் கேட்டாள்:

"மாமா, மூண்டு மூண்டரை இரிக்கும், எஞ்சின் சத்தம் கிட்ட வந்து பிறகு தூரப் போயிற்று. அது ஆர்?"

"அது நாங்கதான் மனே. எண்ணெய் முடிஞ்சிற்று. எடுக்கப் போனம்."

அவர் என் பக்கம் பார்க்கவில்லை. நான் மீனை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். அதைக் கழுவி முடிக்க அன்று வெகுநேரம் எடுத்தது.

அதற்குப் பிறகு பெட்டியைத் திறக்கவே இல்லை. போன மாதம், எல்லாவற்றையும் காத்தான்குடிக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தேன். கைலேஞ்சித் துணியில் சுற்றிய ஒன்று தனியாக விழுந்தது. பிரித்தால், வாவியில் போயிருக்கும் என்று நான் நினைத்திருந்த தாதியின் கத்தி.

அதை எடுத்துக்கொண்டு மகளிடம் போனேன்.

"ஓம் அம்மா, முதல் கிழமையே மாத்திற்றன்" என்றாள். "அது தண்ணிக்குள்ள விழுந்தா நீங்க தாங்கமாட்டீங்க. டின்னுக்குள்ள கிடந்த ஒண்ட எடுத்தன். அதில கொக்கியும் இரிக்கு. போத்தலக் கட்டித் தூக்க லேசு."

ஆக, அன்று என் கையில் இருந்ததும் என்னுடைய கத்திதான். நான் வாங்கி, பார்த்து, உதவாது என்று எறிந்தது.

அப்போதுதான் சொன்னேன். எண்ணெய் முடியவில்லை என்று சொன்னேன். கத்தியைக் கண்டெடுத்ததையும், இது அவளுடையதில்லை என்று நான் சொன்னதையும், நாங்கள் திரும்பிப் போனதையும்.  முடிந்த பிறகு அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"எதப் பாத்துச் சொன்னீங்க?"

"கொக்கியப் பாத்து."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ரெண்டு தரம் கூப்பிட்டன். எஞ்சின் சத்தத்தில எனக்கே கேக்கல்ல" என்றாள். அன்றும் மறுநாளும் நான் கொடுத்த தேநீரைக் குடித்தாள், அவ்வளவுதான்.

இன்று காலை, மூன்று மாதத்துக்குப் பிறகு, அவள் மறுபடியும் வாவிக்குப் புறப்பட்டாள். கால் இன்னும் லேசாக இழுக்கிறது. தோழியும் போகிறாள், தோணிக்கார அண்ணனும் கூடப் போகிறார். இருந்தும் நான் விடியும்முன்பே எழுந்து வாசலைக் கூட்டிவிட்டேன். வாசலில் செருப்பைப் போட்டவள் நின்று, பையிலிருந்து கத்தியை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"வடிவாப் பாத்துக்கொள்ளுங்க."

வாங்கினேன். பிடியின் இடப்பக்கத்தில் நகம் அளவுக்கு ஒரு சுரண்டல். வாளலகின் பற்களுக்கிடையில் காய்ந்த சேறு. பல்குத்தி இருக்கும் துளை காலி. கொக்கியில் புதிதாகக் கட்டிய சிவப்பு வெள்ளை நூல். இரண்டு தரம் பார்த்தேன்.

"சரியா?"

"ஓம்."

"அப்ப வாறன்" என்று கத்தியை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

இப்போது பதினொரு மணி. மதியத்துக்குள் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.