சுண்டுவிரல் நுழையும் போர்வை

எதையும் ஒருமுறை பார்த்தால் போதும், என் கை பிடித்துக்கொள்ளும். இதைத் தற்பெருமை என்பாள் என் நாத்தனார், சொல்லிவிட்டுப் போகட்டும். குரோஷா பின்னலில் மட்டும் அந்தக் கையே ஏழு நாள் என் மானத்தை வாங்கியது.

அப்போது சைகோன் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குச் சுங்கத்தில் குமாஸ்தா வேலை. காரைக்காலை விட்டு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள், ஐந்து வயது. அந்த மழைக்காலம் முழுவதும் இருமிக்கொண்டே இருந்தாள். பிரெஞ்சு டாக்டர் அவள் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் காற்று இவளுக்கு ஆகாது, தலாத் மலையில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் விடுதியில் ஆறு மாதம் இருக்கட்டும் என்றார். பெற்றவர்கள் கூடத் தங்க அனுமதி இல்லை.

இருமல் மலைக்காற்றில் போய்விடும் என்று நம்பினேன். என் பயம் வேறு. என் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொள்ளாமல் அவள் ஒருநாளும் தூங்கியதில்லை. அந்தக் குளிரில், தெரியாத கட்டிலில், எதைச் சுற்றிக்கொள்வாள்? விடுதி அனுப்பிய பட்டியலில் ஒரு வெள்ளைக் கம்பளிப் போர்வையும் இருந்தது. அதை நானே பின்னுவது என்று தீர்மானித்தேன். வெள்ளை மட்டும் ஆகாது, உயிரோடிருக்கும் பிள்ளைக்கு எதற்கு வெள்ளை?

"கடையில வாங்கிப்புடலாமே," என்றார் வீட்டுக்காரர்.

"கடைக்காரனா அவளத் தூங்க வைக்கப் போறான்?"

அவர் பேப்பரை விரித்துக்கொண்டார். ரயிலுக்கு இருபத்தைந்து நாள் இருந்தது.

எதிர் வீட்டு வியட்நாமியப் பெண்ணுக்கு என் வயதுதான். ஆனாலும் மரியாதைக்கு என்னை 'சி' என்பாள். அவர்கள் பேச்சில் அக்கா என்று அர்த்தம். கன்னியாஸ்திரீகளின் தையல் கூடத்தில் வேலை செய்தவள். இருவரும் சோலோன் கடைத்தெருவுக்குப் போய்ச் சிவப்பு, பச்சை, மஞ்சள் கம்பளி நூல் வாங்கி வந்தோம். அவள் ஒரு கட்டம் பின்னிக் காட்டினாள். நடுவில் சின்ன வளையம், அதைச் சுற்றி மும்மூன்று பின்னலாகக் கொத்துகள், மூலைக்கு இரட்டைக் கொத்து; அப்படியே வரிசை வரிசையாகச் சுற்றிக்கொண்டு போனால் ஒரு சாண் அகலத்துக்கு ஒரு சதுரம். முப்பத்தைந்து சதுரங்களை இணைத்தால் போர்வை. பார்த்தேன், புரிந்தது, அவள் கையிலிருந்து கொக்கி ஊசியை வாங்கிக்கொண்டேன்.

என் சதுரம் சதுரமாகவே இல்லை. நாலாவது வரிசையிலேயே ஓரமெல்லாம் மேலே எழும்பிக் கிண்ணமாக நின்றது. அவள் அதில் ஒரு வாத்து முட்டையை வைத்துப் பார்த்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

எனக்குக் கோபம் வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானும் ஊசி மட்டம் என்றேன், நூல் மட்டம் என்றேன். ஊசியை மாற்றினேன். ஏழு நாளில் ஒன்பது கிண்ணங்கள் சேர்ந்தன. மகள் அவற்றைக் கவிழ்த்துப் பொம்மைக்குத் தொப்பி போட்டாள்.

எட்டாம் நாள் சனிக்கிழமை. சனிதோறும் கோயில் மாதா சுரூபத்துக்கு நான்தான் மல்லிகைச் சரம் கட்டிக் கொடுப்பேன். நான் கட்டிய சரத்தை உதறினாலும் ஒரு மொட்டு உதிராது. காரைக்காலிலேயே அதற்குப் பேர் வாங்கியவள் நான். எதிர் வீட்டுக்காரி வாசலில் நின்று என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள்:

"சி, நீங்க கம்பளியையும் இப்படித்தான் இழுக்கிறீங்க. பூவை இறுக்காட்டி விழுந்துடும். இது விழாது. கொஞ்சம் விடுங்க."

விட்டுப் பார்த்தேன். விரல் கேட்கவில்லை. ஒவ்வொரு பின்னலுக்கும் தானாகவே சுண்டி இழுத்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது இதுதான். அவள் யோசித்துவிட்டு, என் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "ஒவ்வொரு கொத்துக்கும் இடையில பாப்பா சுண்டுவிரல் நுழையணும். நுழையலைன்னா பிரிச்சிடுங்க."

மகளுக்கு அது பெரிய உத்தியோகமாகிவிட்டது. விரலை விட்டுப் பார்த்து, "நுழையிதும்மா," என்பாள். நுழையாவிட்டால் உதட்டைப் பிதுக்குவாள்; நான் மறுபேச்சில்லாமல் பிரிப்பேன். யாருக்கும் அடங்காத நான் அந்தச் சுண்டுவிரலுக்கு அடங்கினேன். மூன்றாம் நாள் ஒரு சதுரம் பாயில் தட்டையாகப் படுத்தது. அதன்பின் என்னை யாரும் நிறுத்த முடியவில்லை. அடுப்பில் உலை கொதிக்கும்போதுகூடப் பின்னினேன். ரயிலுக்கு முந்தின நாள் முப்பத்தைந்தையும் இணைத்து முடித்து, நாத்தனாரை வரவழைத்துக் காட்டினேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தும் குறை கிடைக்கவில்லை. அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கியது.

ரயில் பெட்டியில், கூட்டிப்போக வந்த கன்னியாஸ்திரீக்குப் பக்கத்தில் மகளை உட்கார வைத்தேன். போர்வையின் ஒரு மூலையை அவள் கையில் கொடுத்து, "தூக்கம் வரலைன்னா இதுல வெரல விட்டுக்க. அம்மாதான்னு நெனச்சிக்க," என்றேன். தலையாட்டினாள். நான்தான் மேடைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆறு மாதம் கழித்து வந்தாள். இருமல் இல்லை, கன்னம் உப்பியிருந்தது. போர்வையை உதறினேன். ஒரு மூலைச் சதுரத்தில் மட்டும் ஓட்டை என் கட்டைவிரல் போகும் அளவுக்கு விரிந்திருந்தது. ராத்திரி தவறாமல் விரலை விட்டிருக்கிறாள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று மத்தியானம், ஊரே கதவடைத்துத் தூங்கும் வெயிலில், பாயில் படுத்து முந்தானை நுனியை அவள் பக்கம் நீட்டினேன். ஆறு மாதமாக நான் காத்திருந்தது அதற்குத்தான். அவள் அதைப் பார்த்தாள், மெல்ல ஒதுக்கி வைத்தாள். அந்த வேக்காட்டில் போர்வையை இழுத்துக்கொண்டு, மூலையைத் தேடி விரலை விட்டு, சுவர்ப் பக்கம் திரும்பினாள். நிமிஷத்தில் தூங்கிவிட்டாள்.

அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது?

வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார். "நீ நெனச்சதுதானே நடந்திருக்கு? அப்புறம் என்ன?"

"நல்லாப் பின்னிப்புட்டேன்," என்றேன். "அவ்வளவு நல்லாப் பின்னியிருக்க வேணாம்."