எதையும் விடாத குரல்

மனைவியின் கையைப் பிடித்தபடி, புதுக் கம்ப்யூட்டரோடு என் கடைக்கு வந்தார் அவர். விஸ்வநத்தம் பக்கம் பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தவர். வெடி விபத்தில் இரண்டு கண்களும் போயிருந்தன, புருவமும் இல்லை. உடம்பில் இருக்கும் மின்சாரம் பொறியாகிவிடாமல் தரையில் இறங்க, வெடிமருந்து அறையில் பழகிய பழக்கத்தில், கம்ப்யூட்டரைத் தொடுமுன் உள்ளங்கையைத் தரையில் வைத்து எடுத்தார்.

ஏற்ற வேண்டிய மென்பொருள்களை ஆபீஸ், ஆன்டிவைரஸ் என்று நான் அடுக்கினேன்.

“அம்புட்டுக்கு வசதியில்ல சார். வாசிச்சுச் சொல்றது ஒண்ணு போதும்.”

அது இலவசமாகவே கிடைக்கும் என்று சொல்லி ஏற்றினேன். உடனே ஒரு பென் டிரைவை நீட்டினார். அதில் அந்த விபத்தைப் பற்றிய அறிக்கை இருந்தது.

“வீட்ல வாசிச்சா பாதிய முழுங்கிருதாக. இது முழுங்காதுல்ல?”

இயந்திரக் குரல் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தது. ஐந்தாவது பெயரில் கையை உயர்த்தினார். மனைவி பக்கம் திரும்பினார்.

“எந் தம்பி திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டான்னுல்ல சொன்ன?”

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.  வேறு மென்மையான குரலும் இருக்கிறது, மாற்றட்டுமா என்று உளறினேன்.

“வேண்டாம் சார். இதுவே இருக்கட்டும்.”

முதல் பெயரிலிருந்து மறுபடி வாசிக்கச் சொன்னார். கடைசிப் பெயர் வரை எப்படி அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.